குளிப்பாட்டியும் போகாத உண்ணி

கேள்வி இதுதான்: "நாயை உண்ணி ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினோம். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி எடுத்தோம். பிடரியில் சொட்டு மருந்தும் ஒரு தடவை விட்டோம். ஒரு மாதம் நிம்மதியாக இருந்தது. இப்போது முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது, சுவரில்கூட ஏறுகிறது. குழந்தைகள் தரையில்தான் படுக்கிறார்கள். வீட்டுக்கு மருந்து அடித்து முடிக்கும் வரை நாயைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிடலாமா? பிள்ளைகளுக்கு ஏதாவது வருமா?"

நாயை அனுப்பலாமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்ப வேண்டாம். சரியான மருந்து கொடுக்கப்பட்ட நாய் வீட்டில் இருப்பதுதான் இப்போது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. சுவர் இடுக்கில் பசியோடு இருக்கும் உண்ணிக்கு வேண்டியது நாய். மனிதன் அதற்கு இரண்டாம்பட்சம். நாய் இல்லாத வீட்டில் அது என்ன செய்யும்? இருக்கிறவர்களைக் கடிக்கும். இல்லையென்றால் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். நாய் திரும்பி வருகிற அன்றைக்கு எல்லாம் சேர்ந்து ஏறும். அதற்குள் தெரிந்தவர் வீட்டிலும் நாலு உண்ணி உதிர்ந்து, அங்கேயும் குடித்தனம் தொடங்கியிருக்கும்.

அந்த ஒரு மாத நிம்மதி எப்படி வந்தது, ஏன் போனது என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிதாகிவிடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உண்ணி பூச்சி இனம் அல்ல. சிலந்தி, தேள் வகையறா, எட்டுக் கால். முட்டையிலிருந்து வரும்போது மட்டும் ஆறு கால்தான் இருக்கும். உலகத்தில் சுமார் 900 வகை உண்ணிகள் உண்டு. பெரும்பாலானவை புல்வெளியிலும் காட்டிலும் ஈரத்தை நம்பி வாழ்பவை. வீட்டுக்குள் வந்தால் காய்ந்து செத்துவிடும். ஆனால் பழுப்பு நாய் உண்ணி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வறட்சி ஒரு பொருட்டே இல்லை. முட்டை முதல் சாவு வரை முழு வாழ்க்கையையும் நான்கு சுவருக்குள் முடித்துக்கொள்ளும். வீட்டுச் சுவரில் ஏறுகிறது, கதவு நிலையில் கொத்தாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அநேகமாக அது இதுதான்.

இது வாழ்நாளில் மூன்றே முறை வயிறு நிறையச் சாப்பிடும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு நாய் மேல் ஏறி மூன்று முதல் ஏழு நாள் இரத்தம் குடிக்கும். அப்புறம் தானாகவே கீழே விழும். ஏதோ ஒரு இடுக்கில் போய் ஒளிந்துகொண்டு இரண்டு வாரம் போலத் தோல் உரித்து, எட்டுக்கால் இளம் உண்ணியாக மாறும். மறுபடி நாய் மேல் ஏறும், குடிக்கும், விழும், ஒளியும், தோல் உரிக்கும். மூன்றாவது தடவை ஏறுவது முதிர்ந்த உண்ணி. பெண் உண்ணி ஒரு வாரம் குடித்து, ஆமணக்கு விதை போல உப்பி, சாம்பல் நிறமாகி உதிரும். (லத்தீனில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ஒரே பெயர், ரிசினஸ். பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.) கீழே விழுந்த பெண் உண்ணி இடுக்கில் போய் ஆயிரக்கணக்கில் முட்டை இட்டுவிட்டுச் சாகும். நன்றாகக் குடித்த ஒரு பெண் உண்ணி நாலாயிரம், ஐயாயிரம் வரைகூட இடும்.

இதில் கவனிக்க வேண்டியது, முட்டை நாயின் மேல் இல்லை. தோல் உரிப்பதும் நாயின் மேல் இல்லை. நாய் அதற்குச் சாப்பாட்டு மேசை மட்டும்தான்; குடியிருப்பு உங்கள் சுவர். ஷாம்பூ போட்டபோது அன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருந்தவை போயின, அவ்வளவே. ஏற்கெனவே உதிர்ந்திருந்த ஓரிரு பெண் உண்ணிகளின் முட்டை, சூட்டைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து வாரத்தில் பொரிந்திருக்கும். உங்களுடைய நிம்மதியான மாதம் அந்த அடைகாலம்தான். பொரிந்த நேரத்தில் சொட்டு மருந்தின் வேகமும் குறைந்திருக்கும்; இரண்டாவது தடவை நீங்கள் விடவில்லை. அதனால் குஞ்சுகள் எல்லாம் ஒன்றாக ஏறிவிட்டன.

அப்படியென்றால் தீர்வும் அங்கேயே இருக்கிறது. சுவரில் இருக்கும் ஒவ்வொரு உண்ணியும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு தடவை நாய் மேல் ஏறியே ஆக வேண்டும். ஏறுகிற ஒவ்வொன்றும் குடித்து முடிக்கும் முன் சாக வேண்டும். இதை ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் சில மாதங்கள் நடத்தினால் முட்டை போட ஆளே இருக்காது. வெதுவெதுப்பான வீட்டில் முழுச் சுற்று இரண்டு, மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதனால் குறைந்தது நான்கு மாதம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த உண்ணி சாப்பாடு இல்லாமல் ஒன்றரை வருடம் வரை தாக்குப்பிடிக்கும் என்பதால், ஒருமுறை வீட்டுக்குள் குடியேறிவிட்ட இடத்தில் வருடம் முழுக்க மருந்தை நிறுத்தாமல் கொடுப்பதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சரி, எந்த மருந்து?

இன்றைக்கு நாய்களுக்கு மிகவும் பலன் தருபவை வாய்வழியாகக் கொடுக்கும் மெல்லும் மாத்திரைகள். அஃபாக்சோலானர், சரோலானர், லோட்டிலானர் ஆகியவை மாதம் ஒரு முறை. ஃப்ளூரலானர் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மருந்து இரத்தத்தில் இருப்பதால் குளிப்பாட்டினாலும் மழையில் நனைந்தாலும் குறையாது. இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்ணி கடித்துக் குடித்தால்தான் சாகும். மாத்திரை கொடுத்த பிறகும் நாய் மேல் உண்ணி ஏறத்தான் செய்யும், ஒரு நாள், இரண்டு நாளில் காய்ந்து கிடக்கும். "மாத்திரை கொடுத்தும் உண்ணி இருக்கிறதே" என்று பலரும் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நாய் வீடெல்லாம் சுற்றி உண்ணியைத் தன் மேல் ஏற்றிக் கொன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மாத்திரைகளுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. இந்த வகை முழுவதற்கும், சில விலங்குகளில் நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் அறிவித்தது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் உங்கள் நாய்க்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் அதைச் சொல்லாமல் வாங்காதீர்கள். எடைக்கு ஏற்ற அளவு முக்கியம். பெரிய நாயின் மாத்திரையை வெட்டி இரண்டு குட்டிகளுக்குப் பங்கிடுவது கூடாது. குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் எது ஒத்துவரும் என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

மாத்திரை ஒத்துவராது என்றால் சொட்டு மருந்து இருக்கிறது, மருந்தேற்றிய கழுத்துப்பட்டை இருக்கிறது. சொட்டு மருந்தை முடியின் மேல் விட்டால் வீண். பிடரியில் முடியைப் பிரித்து, தோல் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் விட வேண்டும். விடுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் குளிப்பாட்டக் கூடாது. ஷாம்பூ போட்டுக் கழுவிய கையோடு சொட்டு மருந்து விட்டு, இரண்டு நாளில் மறுபடி குளிப்பாட்டினால் மருந்து தோலில் பரவவே இடம் கிடைக்காது. நீங்கள் அப்படிச் செய்திருந்தால் பலன் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கழுத்துப்பட்டையில் ஃப்ளூமெத்ரின், இமிடாகுளோப்ரிட் இரண்டும் சேர்ந்தது எட்டு மாதம் வரை வேலை செய்யும்; ஆனால் அது தோலைத் தொட்டபடி இருக்க வேண்டும், இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் தளர்வு. குழந்தைகள் நாயைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற வீட்டில் நான் பட்டையைவிட மாத்திரையைத்தான் சொல்வேன்.

வீட்டில் பூனையும் இருந்தால் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். நாய்க்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், நாய்க்கு விட்டது போக மீதி இருந்த மருந்தைப் பாசத்தில் பூனைக்கும் விட்டுவிட்டார்கள். சில மணி நேரத்தில் காது துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் உடம்பு முழுக்க நடுங்கியது, நிற்க முடியவில்லை. உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது. எல்லாப் பூனைகளும் அப்படிப் பிழைப்பதில்லை. உண்ணிக்குப் பயன்படுத்தும் வேறு மருந்துகளில் அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. ஃபிப்ரோனில் முயலுக்கு ஆகாது. பூனைக்கு என்று தனியாக எழுதியிருக்கும் மருந்தை மட்டும் பூனைக்குப் பயன்படுத்துங்கள். நாய்க்குப் பெர்மெத்ரின் விட்டிருந்தால், அது நன்றாகக் காயும் வரை பூனை அதை உரசிக்கொண்டு படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதேபோல், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாய் மேல் தடவுவது. மாட்டுக்குக் கொடுக்கும் மருந்தை ஒரு கணக்காகக் கலந்து குளிப்பாட்டுவது. இவற்றால் உண்ணி சாகும் என்பது உண்மை. நாயும் சாகும். வாயில் நுரை, கண்ணீர், பேதி, இழுப்பு என்று வந்து, மருத்துவரிடம் கொண்டுபோகிற வழியிலேயே போன நாய்களை நான் பார்த்திருக்கிறேன். தடவியவர் கைக்கும் அது விஷம்தான்; நாயை அணைத்துக்கொள்ளும் குழந்தைக்கும் விஷம்தான்.

மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். பூண்டு தின்னக் கொடுப்பது நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. கற்பூரத்தை அறையெல்லாம் வைப்பது, தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் உண்ணியைவிடப் பெரிய ஆபத்து, வாயில் போட்டால் வலிப்பு வரும். வேப்பெண்ணெய்க்கு ஓரளவு விரட்டும் தன்மை உண்டு. வீட்டுக்குள் குடியேறிவிட்ட கூட்டத்தை ஒழிக்க அது போதாது.

இனி வீடு. இன்று இரவு விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நாய் படுக்கிற இடத்துக்கு அருகில் இருக்கும் சுவரில் தொடங்கி, வெளிச்சத்தைச் சுவரோடு சுவராகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். இந்த உண்ணிக்கு மேலே ஏறும் பழக்கம் உண்டு. தரையைத் தேடுகிறவர்களுக்கு அது அகப்படாது. கதவு நிலையின் மேல் விளிம்பு, சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம், திரைச்சீலையின் மடிப்பு, சுவிட்சுப் பலகையின் ஓரம், கட்டிலின் தலைமாட்டுப் பலகை, தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் விரிசல் என்று பாருங்கள். வெளிர் நிறத்தில், காற்றுக்கே பறக்கிற மாதிரி வெறும் தோல் கூடுகள் கிடைக்கும், கால்கள் எல்லாம் அப்படியே இருக்கும். அது உரித்துவிட்டுப் போன சட்டை. பக்கத்திலேயே பழுப்பு நிறத்தில் பளபளவென்று பொடி மணிகள் ஒட்டிக்கொண்டு கொத்தாக இருந்தால் அதுதான் முட்டை. சில நேரம் விரிசலே லேசாக நகர்கிற மாதிரி தெரியும். கடுகைவிடச் சின்னதாக நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அகலமான செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி எடுத்தால் குஞ்சும் முட்டையும் சேர்ந்து வந்துவிடும். டேப்பை மடித்து மூடிப் போட்டுவிடலாம். விளக்குமாற்றால் தட்டாதீர்கள், சிதறிவிடும்.

வாக்குவம் கிளீனர் இருந்தால் குறுகிய முனையை மாட்டி இந்த இடுக்குகளை எல்லாம் இழுங்கள். முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒரு தடவை, அப்புறம் வாரம் ஒரு தடவை. முடித்த உடனே பையை அல்லது குப்பையை இறுகக் கட்டி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். உள்ளே அது உயிரோடுதான் இருக்கும், திரும்ப நடந்து வந்துவிடும். நாயின் விரிப்பு, உங்கள் பாய் விரிப்பு, மெத்தை உறை எல்லாவற்றையும் கை தாங்காத வெந்நீரில், 55 டிகிரிக்கு மேல், துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்தால் உண்ணி குளித்துவிட்டு எழுந்து போகும். துணி உலர்த்தும் இயந்திரம் இருக்கிறவர்கள், அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் காய்ந்த துணியில் இருக்கும் உண்ணி செத்துவிடும். ஈரத்துணி என்றால் இன்னும் நேரம் வேண்டும். உண்ணிக்குத் தண்ணீர் பயமில்லை, உலர்ந்த சூடுதான் பயம்.

எடுத்த பிறகு விரிசல்களை அடைத்துவிடுங்கள். சுண்ணாம்போ, புட்டியோ, எது கிடைக்கிறதோ அது. இதைச் செய்கிறவர்கள் குறைவு. செய்த வீடுகளில் பலன் கண்கூடாகத் தெரியும்.

மருந்து அடிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரில் ஏறும் அளவுக்கு ஆகிவிட்டதால் ஒரு தடவை பயிற்சி பெற்றவரைக் கூப்பிட்டு அடிப்பது நல்லது. ஆனால் வருகிறவர் அறையின் நடுவில் புகை போட்டுவிட்டுப் போனால் பயனில்லை, புகை இடுக்கின் ஆழத்துக்குப் போகாது. விரிசல், நிலை, ஓரம் என்று குறிவைத்து அடிக்கச் சொல்லுங்கள். முட்டைகளை மருந்து முழுதாகக் கொல்லாது. ஆகவே இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுமுறை வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அடிக்கும்போது குழந்தைகள், நாய், பூனை எல்லாரும் வெளியே. முழுதாகக் காய்ந்து காற்றோட்டம் வந்த பிறகுதான் உள்ளே. மீன்தொட்டி இருந்தால் அப்புறப்படுத்த வேண்டும், இந்த மருந்துகளில் பல மீனை உடனே கொல்லும். பல இடங்களில் பழுப்பு நாய் உண்ணிக்குப் பெர்மெத்ரினைத் தாங்கிப் பிழைக்கும் சக்தி வந்துவிட்டது என்பதும் தெரிந்த விஷயம். நல்ல மருந்தைச் சரியாக அடித்தும் அசையவில்லை என்றால் அதே மருந்தை இரட்டிப்பாக அடிக்காமல், வேறு வகைக்கு மாறச் சொல்லுங்கள். எப்படியானாலும் நாயின் மாத்திரைதான் முதல், மற்றதெல்லாம் அதற்குத் துணை.

கடித்திருக்கும் உண்ணியை எடுக்கும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இதில்தான் நல்ல எண்ணத்தோடு தப்புச் செய்கிறோம். நெருப்புக் குச்சியால் சுடுவது, எண்ணெய், மண்ணெண்ணெய், வாசலின், நகப்பூச்சு தடவுவது எல்லாம் வேண்டாம். மூச்சுத் திணறி உண்ணி தானே விட்டுவிடும் என்று நம்பித்தான் தடவுகிறோம். உண்ணி மூச்சு விடுவதே மிகவும் குறைவு, அவசரப்பட்டு விடாது. காத்திருக்கும் நேரமெல்லாம் அது கடித்துக்கொண்டே இருக்கும், எரிச்சலில் எச்சிலை உள்ளே கக்கவும் கூடும். நோய் வருவது அந்த எச்சில் வழியாகத்தான்.

முனை கூர்மையாக இருக்கும் ட்வீசர் ஒன்று வேண்டும். புருவம் எடுக்கும் தட்டை முனை சரிவராது, வயிற்றை நசுக்கிவிடும். நாயை வெளிச்சத்தில் படுக்க வைத்து, ஒரு கையால் முடியை விலக்கி, தோலை லேசாக இழுத்துப் பிடியுங்கள். உப்பிய உடம்பைப் பார்க்காதீர்கள், தோலுக்குள் போகிற இடத்தைப் பாருங்கள். தோலை உரசுகிற மாதிரி ட்வீசரை வைத்து, தலைக்கு அருகில் பிடித்து, நேர் மேலே, ஒரே சீரான விசையில் இழுக்க வேண்டும். வெடுக்கென்று பிடுங்கக் கூடாது, முறுக்கக் கூடாது. முதலில் தோல் கூடாரம் மாதிரி எழும்பும். அப்படியே பிடித்திருங்கள். மூன்று நான்கு நொடியில் பிடி தளர்ந்து கையோடு வந்துவிடும். சில உண்ணிகள் பசை போல ஒன்றைச் சுரந்து தன்னை ஒட்டிக்கொள்ளும்; அதனால்தான் அந்தப் பொறுமை. வாய்ப்பகுதி முறிந்து உள்ளே நின்றுவிட்டால் எடுக்க வந்தால் எடுங்கள், வராவிட்டால் ஊசியால் தோண்டாதீர்கள், தோல் அதைத் தானே வெளியே தள்ளிவிடும்.

எடுத்ததை நகத்தால் நசுக்கும் பழக்கம் எனக்கும் பல வருடம் இருந்தது. இப்போது இல்லை. உண்ணியின் உடம்புத் திரவத்திலேயே கிருமி இருக்கலாம். கிரிமியன் காங்கோ காய்ச்சல் போன்ற நோய்கள் நசுக்கிய உண்ணியைத் தொட்டே வந்திருக்கின்றன. மூடியுள்ள சின்னப் பாட்டிலில் ஸ்பிரிட் வைத்துக்கொள்ளுங்கள், எடுக்க எடுக்க அதில் போடுங்கள். கடித்த இடத்தையும் கையையும் சோப்பால் கழுவுங்கள். இன்னொன்று, இழுப்பதற்கு முன் கால்கள் தெரிகிறதா என்று பாருங்கள். நாயின் முலைக்காம்பையும் மருவையும் உண்ணி என்று நினைத்து இழுத்துப் புண்ணாக்கிக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர்.

நாயின் உடம்பில் தேட வேண்டிய இடங்கள்: காதின் உள்பக்கம், காது மடலின் ஓரம், கழுத்துப்பட்டைக்கு அடியில், விரல்களுக்கு நடுவில், அக்குள், தொடையிடுக்கு, வாலுக்கு அடியில், கண்ணிமை ஓரம். கண்ணைவிட விரல் நுனி நன்றாகக் கண்டுபிடிக்கும். தினமும் ஐந்து நிமிடம், நாய்க்கும் அது பிடிக்கும்.

மனிதர்களுக்கு வருவோம். வீட்டு உண்ணி மட்டும் அல்ல, புல்வெளி, புதர், மலையேற்றம் என்று போய்வந்தால் வேறு வகைகள் ஏறும். உண்ணி பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து தலையில் விழாது. புல்லின் நுனிக்கு ஏறி, பின்னங்கால்களால் பிடித்துக்கொண்டு முன்னங்கால் இரண்டையும் விரித்து நீட்டிக் காத்திருக்கும். அந்த முன்னங்காலில் இருக்கும் ஒரு நுண்ணிய உறுப்பால் நம் மூச்சுக்காற்றையும் சூட்டையும் வாடையையும் உணரும். கால்சட்டை உரசிய நொடியில் தொற்றிக்கொண்டு மேலே ஏறும். தலையில் கண்டெடுத்தாலும் அது காலில் தொடங்கிய பயணமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே பாதையின் நடுவில் நடப்பது, முழுக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது, உண்ணி கண்ணில் படும்படி வெளிர் நிறத்தில் உடுத்துவது எல்லாம் நல்ல பழக்கம்.

தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள விரட்டி போதும், 20 சதவீதம் அளவுக்கு இருந்தால் சில மணி நேரம் காக்கும். வெயில் தடுப்பு கிரீம் போடுவதாக இருந்தால் அதை முதலில் போட்டு அப்புறம் இதை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் உள்ளவை மூன்று வயதுக்குக் கீழே கூடாது. குழந்தையின் கையில் தடவாதீர்கள், அது வாய்க்குப் போகும். அடிக்கடி காட்டுக்குப் போகிறவர்கள் துணிக்கும் காலணிக்கும் 0.5 சதவீதப் பெர்மெத்ரின் அடித்துக் காயவைத்து அணியலாம். அது துணிக்கு மட்டும், தோலுக்கு அல்ல.

திரும்பி வந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிடுங்கள். இன்னும் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருப்பவை அதில் போய்விடும். அப்போதே முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை இருந்த இடம், தொப்புள், அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், தலைமுடி என்று தடவிப் பாருங்கள். உண்ணி கடிப்பது வலிக்காது. அதன் எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் பொருள் இருக்கிறது. வலியை நம்பிக் காத்திருந்தால் தெரியாமலே போகும். அன்றன்றைக்கே பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், லைம் நோய்க் கிருமி பரவப் பொதுவாக உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். சீக்கிரம் எடுத்தால் தப்பித்துவிடலாம். எல்லாக் கிருமியும் அவ்வளவு மெதுவானது இல்லை, புள்ளிக்காய்ச்சல் வகைகள் சில மணி நேரத்திலேயே பரவக்கூடும்.

வீட்டைச் சுற்றி இடம் இருந்தால் புல்லைக் கட்டையாக வெட்டுங்கள், சருகைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள், விறகைத் தரையைவிட்டு உயர்த்தி வெயில் படும்படி அடுக்குங்கள். எலி நடமாட்டம் குறைந்தால் குஞ்சு உண்ணிகளுக்குத் தீனி குறையும். புதருக்கும் முற்றத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சரளைக்கல் போட்டால் அந்த வறண்ட பட்டையைத் தாண்டப் பெரும்பாலான வகைகள் தயங்கும்.

பிள்ளைகளுக்கு என்ன வரும் என்று கேட்டீர்கள். பெரும்பாலான கடிகளில் ஒன்றும் வராது. சின்னத் தடிப்பு, இரண்டு நாள் அரிப்பு, அவ்வளவுதான். ஆனால் கடித்த தேதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பில் புள்ளிகள், கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு, நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போகும் சிவப்பு வட்டம் இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போய் முதல் வாக்கியமாக "உண்ணி கடித்தது" என்று சொல்லுங்கள். வழக்கமான காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்தால் நாள் போய்விடும். சரியான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் இவற்றில் பெரும்பாலானவை நன்றாகக் குணமாகும். திடீரென்று காலில் பலம் குறைந்து குழந்தையோ நாயோ தள்ளாடினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடம்பு முழுக்க உண்ணி தேடுங்கள், தேடிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சில உண்ணிகளின் எச்சிலில் இருக்கும் நஞ்சு இப்படிச் செய்யும்.

இங்கே ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. செய்தித்தாளில் "உண்ணிக் காய்ச்சல்" என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது நாம் பேசிக்கொண்டிருக்கும் உண்ணி இல்லை. புதரில் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. நாய் வைத்திருப்பதால் அந்தக் காய்ச்சல் வராது. செய்தியைப் படித்துவிட்டு நாயைத் தெருவில் விட்டவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். நாய் உண்ணியும் புள்ளிக்காய்ச்சல் போன்றவற்றைப் பரப்பக்கூடியதுதான். ஆனால் வழி நாயைத் துரத்துவது அல்ல, நாய்க்கு மருந்து கொடுப்பது.

உண்மையில் இந்த உண்ணியால் உங்கள் வீட்டில் அதிக ஆபத்து நாய்க்குத்தான். எர்லிகியா, பபேசியா என்று இரண்டு கிருமிகள் நாயின் இரத்தத்தைக் குறிவைப்பவை. சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது, சுருண்டு படுக்கும், காய்ச்சல் அடிக்கும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால், மூக்கில் இரத்தம் வந்தால், சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், காலை வரை காத்திருக்க வேண்டாம். இப்போது இவ்வளவு உண்ணி ஏறியிருக்கிறது என்பதால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாத்திரை வாங்கப் போகும்போதே ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது இது. சாயங்காலத்துக்குள் மாத்திரை. நாயின் படுக்கையைக் குழந்தைகள் தூங்கும் அறையிலிருந்து மாற்றி, சுலபமாகக் கழுவக்கூடிய ஒரே இடத்தில் வையுங்கள். உதிர்வதெல்லாம் அங்கேயே உதிரட்டும், நீங்கள் தேடவும் எளிது. விரிப்புகளை வெந்நீரில் போடுங்கள். பிள்ளைகளைச் சில வாரத்துக்குக் கட்டிலில் படுக்க வையுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள், போர்வை தரையில் தொங்காமல் மடித்துச் செருகுங்கள். கட்டில் இல்லையென்றால் பாயை அறையின் நடுவில் விரியுங்கள், காலையில் உதறிச் சுருட்டிவிடுங்கள். அடுத்த மாத்திரைக்கான தேதியை இப்போதே நாட்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். மூன்றாவது மாதம் சுவர் சுத்தமாகிவிடும், நாய் மேல் ஒன்றும் இருக்காது, நிறுத்தலாமா என்று தோன்றும். அந்த மாதத்து மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள், அதற்கு அடுத்ததையும்.